அப்பாவின் ஐந்து வெள்ளைப் பிள்ளைகள்

ஜொகூரில் முதன்முதலாக வெள்ளை டயர் போட்ட கார் ஓட்டியவன் நான்தான்.

பொய். நான் எங்கே ஓட்டினேன்? அந்தக் காரின் கதவுப் பிடியை இரண்டு தடவை தொட்டிருக்கிறேன். அதில் ஒரு தடவை அடி வாங்கினேன். அது முதல் வெள்ளை டயரும் கிடையாது. ஜொகூர் பாருவில் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் எத்தனையோ நின்றிருக்கும். காஹாங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அது முதல். அதை ஓட்டியவர் என் அப்பா. நான் அந்த டயர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அந்த ஒரு வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. இது மட்டும் பொய்யில்லை.

இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, சிரிக்காதீர்கள். தம்பி பிறந்தபோது நீங்களும் பொறாமைப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு தம்பி. எனக்கு ஒரே நாளில் ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். ஐந்தும் வெள்ளை.

கார் வருவதற்கு முன்னால் அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். ரப்பர் கட்டுகளைக் குளுவாங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். லாரியை யாரும் கழுவுவதில்லை. மழை பெய்தால் அதுவே குளித்துக்கொள்ளும். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"வாடா, ஆத்துல ஊறப் போலாம்."

ஆற்றுத் தண்ணீர் டீ மாதிரி சிவந்திருக்கும், ஐஸ் மாதிரி குளிரும். அப்பா மல்லாக்க மிதப்பார். அவர் வயிற்றில் நான் உட்கார்ந்து லாரி ஓட்டுவேன். அவர் காது இரண்டும் ஸ்டியரிங். மூக்கை அழுத்தினால் ஹாரன். வளைவில் ஹாரன் அடிக்காமல் போனால், "யோவ் டிரைவரு, எதிர்ல மாடு வருதுய்யா!" என்று என்னைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவிடுவார். எனக்கு அப்போது வயது ஒன்பதோ பத்தோ. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு ஆட்டுக்குக் குழை ஒடித்தேன். அதனால் படிப்பு வரவில்லை, ஆடு நன்றாகக் கொழுத்தது. எனக்கு நாளில் மிச்சமிருந்தது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை நின்ற பிறகு, தோட்டத்தின் பெரிய துரை சிங்கப்பூரிலிருந்து புதுக் கார் கொண்டுவந்தார். கரும்பச்சை நிறம். டயரின் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு வட்டமாக வெள்ளை. கீழே நான்கு, பின்னால் முதுகில் கட்டிய ஸ்பேர் ஒன்று. தோட்டமே கூடி வேடிக்கை பார்த்தது. வரிசை வீட்டு லயத்துப் பெண்கள், "துரை சக்கரத்துக்கு விபூதி பூசி வச்சிருக்காருடி" என்று சிரித்தார்கள். துரை அப்பாவை லாரியிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றினார். அம்மா அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன். என்ன வரப்போகிறதென்று தெரியாமல் குடித்த பாயாசம்.

எங்கள் தோட்டத்துப் பாதை செம்மண். மழை பெய்தால் குழம்பு, வெயில் அடித்தால் மிளகாய்த்தூள். அந்த ரோட்டில் வெள்ளைச் சக்கரம் ஓட்டுவது, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாற்று நடுகிற மாதிரி. ஆனால் துரைக்கு வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். காலையில் காரில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து டயரில் ஒரு இழுப்பு இழுப்பார். கைக்குட்டையில் கறை இருந்தால் அப்பாவுக்கு வசவு. இல்லாவிட்டால் ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலுக்காக அப்பா தினமும் சாயங்காலம் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் சேற்றைச் சுரண்டக்கூடாது, தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு தேங்காய் நாரைச் சுருட்டிச் சவுக்காரம் போட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். சவுக்காரம் என்றால் நம் வீட்டுத் துணி சவுக்காரம் இல்லை. துரை குளித்து மிச்சம் வைத்த வாசனைச் சவுக்காரம். கறுப்பும் வெள்ளையும் சேருகிற ஓரத்துக்குத் தேங்காய் நார் ஆகாது. அதற்கு துரை தூக்கிப்போட்ட டூத் பிரஷ். அப்புறம் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் மஞ்சளாகிவிடும், நிழலில் பலகைமேல் நிறுத்த வேண்டும்.

நான் பல் தேய்த்தது அடுப்புக்கரியில். டயருக்கு டூத் பிரஷ். என் முதுகுக்கு அம்மாவின் வைக்கோல் பிரி. டயருக்கு வாசனைச் சவுக்காரம். தோட்டத்தில் மணத்துக்கொண்டு இருந்தது டயர், நாறிக்கொண்டு இருந்தது நான்.

"அப்பா, ஊறப் போலாமா?"

"இருடா, இன்னும் ரெண்டு சக்கரம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் போலாமா?"

"ஸ்பேர் இருக்குல்ல."

அந்த ஸ்பேர்மேல்தான் எனக்கு அதிகமான எரிச்சல். மற்ற நாலும் பாவம், ஓடி உழைக்கின்றன, அழுக்காகின்றன, குளிக்கின்றன. ஐந்தாவது ஒரு வேலையும் செய்யாமல் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தினமும் எண்ணெய்க் குளியல் கேட்கும். அது முடிவதற்குள் இருட்டிவிடும். இருட்டின பிறகு ஆற்றுக்குப் போகக்கூடாது. அடுத்த நாளும் இதே கதை. நான் அம்மாவிடம் போய் அழுதேன்.

"உங்கப்பா இன்னும் அதுக்குப் பொட்டு வைக்கல. அந்த மட்டும் சந்தோசப்படு," என்றாள் அம்மா.

ஒரு நாள் நான் ஒரு காரியம் செய்தேன். வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு காலிலும் முழங்கால்வரை பூசிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளையாக இருந்தால் என்னையும் தேய்ப்பார் என்ற கணக்கு. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தாண்ட போடா, டயர்ல தெறிக்குது."

அவ்வளவுதான். கால் எரிச்சல் மூன்று நாள் இருந்தது. வயிற்றெரிச்சல் எத்தனை நாள் என்று எண்ணவில்லை.

காலில் தோல் உரிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த வெள்ளையைக் கெடுத்துவிட்டால், துரை வெறுத்துப்போய்க் கறுப்பு டயர் மாட்டிவிடுவார். கறுப்பு டயருக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். அப்பா நாலு மணிக்கு எனக்குக் கிடைத்துவிடுவார்.

கெடுப்பதற்கு எங்கள் தோட்டத்தில் பொருளுக்கா பஞ்சம்? ரப்பர் பால் இருக்கிறதே. மரத்திலிருந்து வடியும்போது பசும்பால் தோற்றுப்போகும், அத்தனை வெள்ளை. காய்ந்தால் பழுப்பு. தொட்டதை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். இது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் சிங்கப்பூர் துறைமுகத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பால் மரம் வெட்டியது அம்மாதான்.

ஒரு நாள் காலையில் அம்மாவோடு பால் எடுக்கப் போனேன். மரம் மரமாகக் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் ஊற்றும்போது, ஒரு பால் டின் நிறைய ஒதுக்கி இலை போட்டு மூடினேன். மதியம் அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து, கார்க் கொட்டகைக்குள் நுழைந்தேன். ஒரு கோழி இறகை டின்னில் தோய்த்து, வெள்ளை வட்டத்தின்மேல் சுற்றிச் சுற்றி இழுத்தேன். நான்கு டயருக்கும் ஒரு பூச்சு. ஸ்பேருக்கு மட்டும் இரண்டு.

அப்பா திரும்பி வந்தார். ஈரம் காயவில்லை. டயர் ஐந்தும் பால்கோவா மாதிரி பளபளவென்று நின்றன.

"டேய்! இங்க வா, இங்க வா. பாருடா வெள்ளையை! அலமாக், கண்ணு கூசுது!"

எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான் அப்பா என் தோளில் கை போட்டார். எனக்காகவா? டயரைக் காட்டுவதற்காக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்து, "சந்தோசமாடா?" என்று கேட்டார்.

அன்று துரை கிளப்பில் பந்து விளையாடுகிற நாள். இரண்டு மணிக்குக் கார் புறப்பட்டது. வெயில் காலம், பாதையெல்லாம் மிளகாய்த்தூள். அரைகுறையாகக் காய்ந்த பால் வழி நெடுகக் கிடந்த அத்தனை செம்மண்ணையும் அள்ளி அணைத்துக்கொண்டது. சாயங்காலம் கார் திரும்பியபோது சக்கரத்தில் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. நாலு மசால்வடை உருண்டு வந்த மாதிரி இருந்தது. முதுகில் ஐந்தாவது வடை.

நான் பயந்து கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். துரை இறங்கினார். கைக்குட்டையை வைத்து இழுத்தார். கைக்குட்டை டயரோடு ஒட்டிக்கொண்டது.

"டிரைவர்! என்னா இது? வெள்ளே எங்கே?"

"தெரியல துரை. தார் ஒட்டிக்கிச்சோ என்னமோ. நான் தேய்ச்சிடறேன்."

"நாளைக்குக் காலையிலே நான் சிங்கப்பூர் போறான். துரைசானி கப்பல்லே வர்றான். வெள்ளே இல்லே, நீயும் இல்லே."

துரைக்குத் தமிழில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். ஆனால் சொன்னது புரிந்தது. அது ரப்பர் விலை விழுந்து, பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேலை இல்லாதவனுக்கு வீடும் இல்லை. கறுப்பு டயர் மாட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். டயரை மாற்றுவதைவிட டிரைவரை மாற்றுவது சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

அப்பா சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். பிசின் நூல் நூலாக வந்தது, போகவில்லை. அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோய், கட்டைவிரலால் டயரை ஒரு நெருடு நெருடினாள். ஓரம் சுருண்டு எழுந்தது. மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இது பாலுங்க. தண்ணி ஊத்தாதீங்க. துடைச்சுக் காயவிட்டு உரிச்சா வந்துரும்."

"பாலா? பால் எப்படி டயருக்கு வந்துச்சு?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எப்படியோ வந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. டேய், நீ இந்தச் சக்கரத்துக்கு வா."

ஆளுக்கு ஒரு டயராக உட்கார்ந்தோம். நானும் அம்மாவும் மரத்தில் ஒட்டிய பாலை உரித்துப் பழகிய கை. சர்ரென்று வந்தது. அப்பாவுக்கு நகத்தில் சிக்கிச் சிக்கி அறுந்தது.

"எப்படிடா உனக்கு மட்டும் முழுசா வருது?" என்றார்.

"நகத்தை வைக்காதீங்கப்பா. விரலை உருட்டுங்க, தானா வரும்."

அப்பா உருட்டினார். வந்தது. "அட," என்றார். அந்த "அட" எனக்குச் சொன்னது. டயருக்குச் சொன்னதில்லை.

ஆனால் என் தலையெழுத்தைப் பாருங்கள். பால் உரிந்தபோது, தனியாக உரியவில்லை. மாதக்கணக்கில் சவுக்காரத்துக்கும் அசையாத பழைய கறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. கீழே டயர், கடையிலிருந்து வந்த நாளைவிட வெள்ளை. கெடுக்க நினைத்த நான்தான் அவற்றை அழகாக்கினேன். மறுநாள் காலையில் துரை கைக்குட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைப் பற்றவைக்கவில்லை. காதில் சொருகிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கார் ஓட்டினார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் நல்லவன். உரித்த பாலையெல்லாம் நான் உருட்டிப் பந்தாக்கி வைத்திருந்தேன். தோடம்பழம் அளவு, ஆரஞ்சு என்பீர்களே அது. தரையில் அடித்தால் கூரைக்குப் போகும். கார் போன பிறகு லயத்துக்கு முன்னால் அதைத் துள்ளவிட்டுக்கொண்டு நின்றேன். தோட்டத்துக் கிராணி சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றார். கணக்கப்பிள்ளை வேலை, கழுகுக் கண். அவருடைய மச்சான் ஒருவன் கார் ஓட்டப் பழகிவிட்டு வேலை இல்லாமல் அவர் வீட்டில் தின்றுகொண்டிருந்தான்.

"டேய் பயலே, பந்து ஏது?"

இங்கேதான் என் வாய். "துரை காரு டயர்ல உரிச்சது! பால் பூசி உரிச்சோம்ல, அதான் அம்புட்டு வெள்ளை! யாருக்கும் தெரியாது இந்த வித்தை!"

எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம். மரத்தில் வடிகிற ஒவ்வொரு சொட்டும் தோட்டத்துக்குச் சொந்தம். மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியதைக்கூட உரித்துக் கோணியில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிடி வீட்டில் இருந்தால் திருட்டு. பந்து விளையாடுகிற பிள்ளைகள்கூட லயத்துக்குப் பின்னால்தான் விளையாடுவார்கள். நான் முன்னால் விளையாடினேன். கிராணி பந்தை வாங்கி மோந்து பார்த்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

துரை திரும்பி வந்ததும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நின்றோம். மேசைமேல் பந்து.

"டிரைவர், இது என்னா?"

"பால் துரை."

"யாரு எடுத்தான்?"

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. விரல் ஐந்தும் எலும்பில் இறங்கின. பால் போனது அவள் வாளியிலிருந்து. எனக்கு வாயாடி என்று தோட்டத்தில் பெயர். காலையில்கூட அந்த வாய் முகத்தில் இருந்தது. அன்று அந்த நேரத்தில் தேடினேன், காணவில்லை.

அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எடுத்தேன் துரை. பால் ஸ்டோர்ல எடுத்தேன். வெள்ளை வரணும்னு."

துரை பந்தை ஒரு தடவை மேசையில் தட்டினார். "வெள்ளே நல்லாத்தான் வந்துச்சு. ஆனா திருட்டு திருட்டுதான்."

கப்பலுக்கு அனுப்பவில்லை. கான் வெட்ட அனுப்பினார்கள். கான் என்றால் தோட்டத்து வாய்க்கால், இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி போடுகிற வேலை. கிராணியின் மச்சான் கார் சாவியை வாங்கிக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து ஸ்டோரிலிருந்தே ஒரு மங்கு பால், துரையின் கையெழுத்தோடு, டயருக்கென்று தனியாக வந்தது. வித்தையை வைத்துக்கொண்டார்கள், ஆளை மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு டயர்மேல் பைத்தியம், அந்தக் கிறுக்கில் பழியையும் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். அம்மா பெயரையும் என் பெயரையும் காப்பாற்றினார் என்று விளங்க எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், கான் வெட்டு மூன்று மணிக்கே முடிந்துவிடும். நான் ஆசைப்பட்டது கிடைத்தது.

"வாடா, ஊறப் போலாம்."

முதல் நாள் ஓடினேன். தண்ணீர் அதே தண்ணீர். அப்பா மிதக்கவில்லை, இடுப்பளவில் நின்றார். தோள்பட்டை வலி. ஹாரன் அடித்தால் சிரித்தார், ஆனால் காது கார் வருகிற பாலத்துப் பக்கம் இருந்தது. கார் சத்தம் கேட்டால் கழுத்து திரும்பிவிடும். "மூணாவது சக்கரம் மங்கிருச்சு பாரு," என்பார் என்னிடம்.

ஒரு சாயங்காலம் அப்பா என் தலைக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருந்தபோது, கிராணியின் மச்சான் காரைக் கரையிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்பேரைக் கழற்றிக் கீழே போட்டு, காய்ந்த பாலைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தான்.

"ஐயோ, கத்தி வைக்காதே! கத்தி வைக்காதேய்யா!"

அப்பா என்னை விட்டுவிட்டுக் கரையேறி ஓடினார். ஈர வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்து டயரை மடியில் இழுத்துக்கொண்டார். கிராணியின் மச்சான், "தேய்ங்கண்ணே, நல்லாத் தேய்ங்க," என்று ஒதுங்கிப் போய் மரத்தடியில் பீடி பற்றவைத்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு வயிறு எரிந்தது. அப்பாவைப் பார்த்து எனக்கு எரிந்தது. கண்ணில் சவுக்காரம் வேறு.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரையேறினேன். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான்தாம்பா! நான்தான் பால் பூசினேன்! இந்த டயரைக் கெடுக்கத்தான் பூசினேன்!"

அப்பா உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. அன்னிக்கே தெரியும். கத்தாதே, அந்தாளு காதுல விழுந்துரப்போவுது."

பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பெரிய ஆள் உட்காருகிற இடமில்லை. என் அளவுக்குத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். அவர் முழங்கால் என் முழங்காலில் பட்டது, சேறு காய்ந்து சொரசொரவென்று. அப்பா என்னைப் பார்க்கவில்லை. டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் டயரையே பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து அவர் உரித்துக்கொண்டு வந்தார், மறுபக்கத்திலிருந்து நான். நடுவில் எங்கள் விரல்கள் முட்டிக்கொள்ள இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. அந்த இடத்தில் அந்த டயரை நான் மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுதான் கிடையாது. ஏனென்றால் அந்த ஐந்தாவது டயர்...

"மாமா! சமையல் கேஸ் தோம்பு வந்திருச்சு, அந்த ஆளு வாசல்லயே நிக்கிறாரு. சீக்கிரம் வந்து கேட்டைத் திறங்க லா!"

மருமகள் கூப்பிடுகிறாள். இதோ வரேம்மா.